ராயபுரத்தில் ஒரு ரெட் ஒயின் வேட்டை!

வடசென்னையில் ‘ஒயின் ஷாப்’ என்றால், ஒயின் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் கடை என்று அர்த்தம். 2003 நவம்பரில் தனியார் கடைகளை மூடி, சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக்கிடம் கொடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. போர்டு மாறியது, பேர் மட்டும் மாறவே இல்லை. ‘ஒயின் ஷாப் வரைக்கும் போய்ட்டு வரேன் மச்சி’ என்று கிளம்புகிறவன் குவார்ட்டர் பிராந்தியோடுதான் திரும்புவான். ஒரு தடவை தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கவுன்ட்டரில் நான் நிஜமாகவே ஒயின் கேட்டேன். உள்ளே இருந்தவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

‘‘இன்னா சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?’’

தப்பு அவர் மேல் இல்லை. ஒயின் என்றால் நம்ம ஆட்களுக்கு இரண்டே நினைப்பு. ஒன்று, இருமல் மருந்துக்குத் தம்பி மாதிரி இருக்கும் இனிப்பு ‘போர்ட்’. இன்னொன்று, ஃபைவ் ஸ்டார் ஓட்டலில் கோட்டு போட்டவர் கண்ணாடி கிளாஸுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு கண்ணை மூடுகிற சமாசாரம். இந்த இரண்டுக்கும் நடுவில், மாசச் சம்பளக்காரன் எப்போதாவது வாங்கக்கூடிய யோக்கியமான ஒரு ரெட் ஒயின் இருக்கிறதா, இல்லையா? இதைக் கண்டுபிடிக்கத்தான் கிளம்பினேன். (குடிப் பழக்கம் இல்லாதவர்கள் தாராளமாக ஜோக்ஸ் பக்கத்துக்குத் தாவலாம். இதைப் படித்துவிட்டுப் புதுசாக ஆரம்பிக்க வேண்டாம். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பது ஒயினையும் சேர்த்துத்தான்.)

முதலில் சரக்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திராட்சையை நசுக்கி, தோலோடு சேர்த்தே புளிக்க விடுவது ரெட் ஒயின். பெரும்பாலான கறுப்புத் திராட்சைக்கு உள்ளே சதை வெள்ளைதான்; நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருவது. அந்தத் துவர்ப்பைத்தான் வெள்ளைக்காரன் ‘டானின்’ என்று பெரிய பேர் வைத்துக் கொண்டாடுகிறான். வாழைப்பூ, பெருநெல்லி, கொதித்துப் போன டீத்தூள் என்று நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அறுசுவையில் ஒன்றாக எழுதியே வைத்துவிட்டோம். ஆகையால் ‘எனக்கு ஒயின் ரசனை இல்லை’ என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்தது விலை. இங்கேதான் நம்ம பேட்டை அனுபவம் கைகொடுக்கிறது. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் தி.நகர் பேச்சே கிடையாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடுதான். அதே மில், அதே துணி. தி.நகரில் அந்தப் புடவையோடு சேர்த்து ஏ.சி.க்கும், எஸ்கலேட்டருக்கும், டி.வி. விளம்பரத்தில் சிரிக்கிற நடிகைக்கும் நாம் காசு கொடுக்கிறோம். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் போன வஞ்சிரம், பத்து மணிக்கு அடையாறு போய்ச் சேரும்போது என்ன விலை? மீன் அதேதான். விலாசம் மாறிவிட்டது.

ஒயினும் அச்சாக அப்படித்தான். பிரான்ஸில் போர்தோ என்று ஒரு சீமை. 1855-ல் பாரிஸ் பொருட்காட்சிக்காக அங்கிருந்த தரகர்கள் பெரிய தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். எதை வைத்து? அன்றைக்குச் சந்தையில் எது என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து! நூற்று எழுபது வருஷமாகியும் அந்தப் பட்டியல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1973-ல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாவதுக்கு பாஸானது மட்டும் பெரிய மாறுதல். தாத்தா காலத்து மார்க் ஷீட்டைக் காட்டிப் பேரன் சம்பளம் வாங்குகிற கதை.

இந்த ஜம்பத்தை ஒருத்தர் உடைத்தார். ஸ்டீவன் ஸ்பர்ரியர் என்று பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த இங்கிலீஷ்காரர். 1976 மே 24-ம் தேதி பிரான்ஸின் ஒயின் பெரிய மனிதர்களை ஓட்டலில் உட்கார வைத்து, லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுத்தார். சில பிரெஞ்சு, சில கலிஃபோர்னியா. அப்போது கலிஃபோர்னியா ஒயினை ஐரோப்பாவில் யாரும் சீந்தவில்லை. முடிவு? சிவப்பில் முதலாவது வந்தது கலிஃபோர்னியாவின் ‘ஸ்டாக்ஸ் லீப்’. மேலே சொன்ன மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாவது. நடுவராக வந்த ஒரு அம்மணி, தான் போட்ட மார்க் சீட்டைத் திருப்பிக் கொடு என்று சண்டையே போட்டாராம்! அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கலிஃபோர்னியாவுக்குப் பேர் வந்தது. பேர் வந்ததும் விலையும் வந்தது. கில்லாடிகள் அடுத்த பேர் தெரியாத ஊரைத் தேடிப் போய்விட்டார்கள்.

அப்படித் தேடினவர்களுக்குக் கிடைத்த பெரிய புதையல் சிலி. போர்தோவில் ‘கார்மெனேர்’ என்று ஒரு திராட்சை இருந்தது. 1860-களில் வேரைத் தின்னும் பூச்சி ஒன்று ஐரோப்பாவின் கொடிகளைத் துவம்சம் செய்தபோது அதுவும் போய்விட்டது என்றே நினைத்தார்கள். அதற்கு முன்பே சில கொடிகள் கப்பலேறி சிலிக்குப் போய், ‘மெர்லோ’ என்ற வேறு பேரில் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. 1994-ல் ழான் மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, ‘‘இது மெர்லோ இல்லைய்யா, நம்ம காணாமல் போன பயல்!’’ என்கிற மாதிரி அடையாளம் சொன்னார். எம்.ஜி.ஆர். படத்தில்கூட மச்சத்தை வைத்து அண்ணன் தம்பி இவ்வளவு லேட்டாகச் சேர்ந்ததில்லை.

அப்போ விஷயம் சுலபம், சிலி பாட்டிலாகப் பார்த்து வாங்கிவிட வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் இடிக்கிறது. ஏனென்றால் நாம் குடியிருப்பது இந்தியாவில்.

அடியேனுக்குப் பிழைப்பு ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில். கப்பலில் வரும் சரக்குக்கு ‘பில் ஆஃப் என்ட்ரி’ போடுகிற வேலை. உலகத்தில் உள்ள சாமான் ஒவ்வொன்றுக்கும் கஸ்டம்ஸில் ஒரு நம்பர் உண்டு. திராட்சை ஒயினுக்கு 2204. இந்த நம்பரைத் தட்டினால் வரும் வரியைப் பார்த்தால் ஒயின் குடிக்காமலே தலை சுற்றும். 150 சதவீதம்! 2021 பட்ஜெட்டில் அதை 50 சதவீதம் சுங்க வரி, 100 சதவீதம் விவசாய உள்கட்டமைப்பு செஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். கூட்டிப் பாருங்கள், அதே ஆள்தான், சட்டை மட்டும் வேறு.

கணக்கு எப்படி வேலை செய்கிறது தெரியுமா? சிலியிலிருந்து ஒரு பாட்டில், கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 300 ரூபாய்க்கு நம்ம துறைமுகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டைத் தாண்டும்போது அதன் விலை 750. அதற்கு மேல் மாநில வரி, இறக்குமதி செய்தவர் லாபம். அலமாரிக்கு வந்து சேரும்போது நாலு இலக்கத்தைத் தொட்டு நிற்கும். அந்த 300-லும் கண்ணாடி பாட்டில், கார்க், அட்டைப்பெட்டி, கப்பல் கூலி போக உள்ளே இருக்கிற சாறு எத்தனை ரூபாய்க்கு இருக்கும்? பாட்டில் கண்ணாடிக்கும் 150 சதவீதம் வரி கட்டி வாங்குகிற புத்திசாலிகள் நாம்! இப்படி வருகிற மலிவு வெளிநாட்டு ஒயின், அந்த ஊரில் ரொம்ப சாதாரண சரக்காகத்தான் இருக்க முடியும். லேபிளில் கோட்டை, சிங்கம், கிரீடம் எல்லாம் இருக்கும். உள்ளே அந்த ஊர் ஆள் தினசரி சாப்பாட்டுக்கு நடுவில் யோசிக்காமல் குடிப்பது.

ஒப்பந்தம் போட்ட சில நாடுகளுக்குச் சலுகை உண்டு. ஆஸ்திரேலியாவோடு போட்டது 2022 டிசம்பர் 29-ல் அமலுக்கு வந்தது. ஐந்து டாலருக்கு மேல் இறங்குவிலை உள்ள பாட்டிலுக்கு வரி உடனே 100 ஆகி, பத்து வருஷத்தில் படிப்படியாக 50-க்கு வரும். பதினைந்து டாலருக்கு மேற்பட்டதற்கு 75-ல் ஆரம்பித்து 25 வரை இறங்கும். ஐந்து டாலருக்குக் கீழே? சலுகை கிடையாது. அதாவது கார் வைத்திருப்பவனுக்கு டிஸ்கவுன்ட், மின்சார ரயிலில் திருவொற்றியூரிலிருந்து வருபவனுக்கு முழு டிக்கெட்! (இந்தியத் தோட்டக்காரரைக் காப்பாற்ற இப்படி வைத்தார்கள் என்பது வேறு நியாயம். அது எனக்கும் சம்மதம்தான். இருந்தாலும் வயிறு எரிகிறது.)

துறைமுகத்தில் வெளிநாட்டு ஒயின் இறங்குவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. யவனர் கொண்டுவந்த மணக்கும் தேறலைக் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியனை வாழ்த்துகிறார் நக்கீரர், புறநானூற்றில். புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினபோது ரோமாபுரி ஒயின் ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அந்தக் காலத்திலும் கஸ்டம்ஸ் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குக்குப் புலி முத்திரை குத்தினதைப் பட்டினப்பாலை சொல்கிறது. 150 சதவீதம் வாங்கினதாக மட்டும் எந்தப் புலவரும் பாடவில்லை.

இந்தக் கோட்டையில் ஒரே ஒரு சின்ன ஓட்டை உண்டு, சட்டபூர்வமான ஓட்டை. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இரண்டு லிட்டர் வரை மது தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு. எங்கள் பக்கம் கப்பலில் வேலை பார்க்கும் பையன்களும், துபாய், சிங்கப்பூர் மச்சான்களும் தெருவுக்கு நாலு பேர். வழக்கமாக அவர்கள் விஸ்கிதான் சுமந்து வருவார்கள். அடுத்த முறை சொல்லி அனுப்புங்கள்: பிரான்ஸ் பேர் போட்டதை விட்டுவிட்டு, சிலி கார்மெனேர் எடு. போர்ச்சுகலில் டூரோ என்ற பள்ளத்தாக்கிலிருந்து வரும் சாதா ரெட் எடு. நிஜமான போர்ட் ஒயின் பிறந்த இடமே அந்த டூரோதான். புளிக்கும்போது நடுவில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள், அதனால் இனிப்பு தங்கிவிடும். அதே மலைச்சரிவு, அதே திராட்சையில் இனிப்பில்லாத ரெட்டும் செய்கிறார்கள். பேரெல்லாம் போர்ட்டுக்குப் போய்விட்டதால் இது இன்னும் அடக்கமான விலையில் இருக்கிறது.

ஜார்ஜியாவின் ‘சபெராவி’ கண்ணில் பட்டால் விடாதீர்கள். நான் சொல்வது அமெரிக்க ஜார்ஜியா இல்லை, ரஷ்யாவுக்குத் தெற்கே இருக்கும் நாடு. அங்கே எட்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பானையில் ஒயின் தடயம் கிடைத்ததாக 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இன்றைக்கும் நம்ம குதிர் சைஸ் மண் ஜாடியை பூமிக்குள் புதைத்து ஒயின் செய்கிற வழக்கம் உண்டு. சபெராவிக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. வெள்ளைச் சட்டையோடு குடிக்காதீர்கள்.

மச்சான் இல்லாதவர்கள்? இந்தியாவுக்குள்ளேயே தேடலாம். அதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். கஸ்டம்ஸ் வரி கிடையாது, ஆகவே கொடுக்கிற காசில் கூடுதல் பங்கு சாறுக்குப் போகிறது.

நாசிக்கைத் தெரியாதவர் இல்லை. அமெரிக்காவில் ஆரக்கிள் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த ராஜீவ் சமந்த் அங்கே திராட்சை நட்டு, 2000-த்தில் ‘சூலா’ ஒயினை வெளியே விட்டார். அவருக்கு முன்னாலேயே கன்வல் குரோவர் பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சுத் திராட்சையை வளர்த்துக் காட்டினார். 1990-களில் மிஷேல் ரோலான் என்ற உலகப் பிரசித்தி பெற்ற பிரெஞ்சு நிபுணர் வந்து யோசனை சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. இவை இப்போது தி.நகர் ஆகிவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் எம்.சி. ரோடு வேறு பக்கம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜ். கரும்புக்குப் பேர் போன பக்கம். அங்கே மூன்று ஜோடி அண்ணன் தம்பிகள், அதில் ஒரு ஜோடி இத்தாலிக்காரர்கள், சேர்ந்து ஆரம்பித்தது ‘ஃப்ராட்டெல்லி’. இத்தாலிய பாஷையில் ‘சகோதரர்கள்’ என்று அர்த்தம். இத்தாலியின் சாஞ்சியோவேசே திராட்சை சோலாப்பூர் மண்ணில் காய்க்கிறது, சார்! கர்நாடகத்தில் ஹம்பிப் பக்கத்து மலைகளிலும் தோட்டம் உண்டு. அது கொஞ்சம் விலை கூடுதல் ரகம்.

நம்ம சூட்டில் ஒயின் திராட்சை எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு: ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் தூங்கும். இங்கே தூங்காது. அதனால் நாசிக் பக்கம் வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கொடிக்கு. செப்டம்பர், அக்டோபரில் ஒன்று, அது காய்க்கு. ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. பகலில் வெயில் சர்க்கரை ஏற்றும், ராத்திரிக் குளிர் புளிப்பைக் காப்பாற்றும். இரண்டும் இருந்தால்தான் ஒயின். சர்க்கரை மட்டும் இருந்தால் ஜூஸ்.

தமிழ்நாட்டில்? ஏன் இல்லை! கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைதானே. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்பது அதன் ஜாதிப் பேர். இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறார்கள். கொடிக்கு மூச்சு விடவே நேரமில்லை. தட்டில் வைத்துத் தின்ன அதைப் போல் மணம் வேறு திராட்சைக்கு இல்லை. ரெட் ஒயினுக்கோ நிறமும் துவர்ப்பும் கொஞ்சம் மட்டு.

அந்தப் பன்னீர் திராட்சை ஒயினாவதை எங்கள் ராயபுரத்தில் மூக்கே சொல்லிவிடும். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு ஒன்றிரண்டு மாசம் முன்பே ஊறுகாய் ஜாடியில் திராட்சை, சர்க்கரை, பட்டை, கிராம்பு, கொஞ்சம் கோதுமை, ஈஸ்ட் போட்டுத் துணி கட்டுவார்கள். கேக்கோடு சின்ன கிளாஸில் கொடுப்பார்கள். இனிப்பு தூக்கல்தான். ஆனாலும் அந்த வாசனையில் ஒரு பண்டிகையே இருக்கும். (லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது சட்டப்படி குற்றம் என்பதால் ரெசிபி கேட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.) நம்ம ஊரில் வளர்ந்த நாக்குக்கு ‘ஒயின்னா இனிப்பு’ என்று பதிந்துபோனதற்கு அந்த ஜாடிக்கும் ஒரு பங்கு உண்டு.

இது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது எங்கள் ஆபீஸ் கோஷ்டி திருவொற்றியூர் மொட்டை மாடியில் நடத்திய பரீட்சையில் தெரிந்தது. ஸ்பர்ரியர் பாணிதான். ஐந்து பேர், ஐந்து பாட்டில், எல்லாவற்றுக்கும் தினத்தந்தி சுற்றி, ஸ்கெட்ச் பேனாவில் நம்பர். போர்தோ பேர் போட்ட மலிவு ரகம் ஒன்று, துபாய் மச்சான் தயவில் சிலி கார்மெனேர், நாசிக் ஷிராஸ், சோலாப்பூர் சாஞ்சியோவேசே, கடைசியாக இனிப்பு போர்ட். கப்பல் புக்கிங் பார்க்கும் அண்ணன் ஒருத்தரும், புதுசாகச் சேர்ந்த பையனும் கண்ணை மூடிக்கொண்டு போர்ட்டுக்கே முதல் மார்க் போட்டார்கள். ‘‘மத்ததெல்லாம் கஷாயம் மாரி கீது நைனா’’ என்பது அண்ணன் தீர்ப்பு. மற்ற மூன்று பேருக்கும் கார்மெனேர் முதலாவது, சாஞ்சியோவேசே இரண்டாவது. போர்தோவுக்கு ஒருத்தர்கூட முதல் இரண்டு இடம் தரவில்லை. பேப்பரைப் பிரித்து, விலையையும் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதை எடுத்து வரச் சொன்னவர் அக்கவுன்ட்ஸ் சார்.

ஒரு விஷயம். அடுத்த கிளாஸ் ஊற்றினபோது, வறுத்த நெத்திலியோடு அண்ணனும் சாஞ்சியோவேசேவை ‘‘பரவால்லியே’’ என்றார். ஒயினைத் தனியாகக் குடித்து மார்க் போடுவதே பாதி அநியாயம். அது சாப்பாட்டுக்குத் துணை. ஆனால் ஜாக்கிரதை, அதிகக் காரமும் அதிகத் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். பீச் ரோடு அத்தோவுக்கும், எண்ணெய் மிதக்கும் நண்டு மசாலாவுக்கும் கடுமையான ரெட் ஆகாது. பிரியாணி, மிளகு குறைத்த மட்டன் சுக்கா, வறுத்த மீன், இவற்றோடு லேசான ரெட் நன்றாகவே போகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது லேபிளைவிட அலமாரி. ஒயினுக்கு முதல் எதிரி சூடு. எண்ணூர் வெயிலில் ஏ.சி. இல்லாத கடையில், ட்யூப் லைட்டுக்குக் கீழே நாலு மாசம் நின்ற பாட்டிலில் எந்தச் சீமைச் சரக்கும் வெந்துபோயிருக்கும். கார்க் மேலே தள்ளிக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுவென்று ஒழுகின கறை இருந்தாலோ கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஏ.சி. போட்ட எலைட் கடை இதற்குத் தேவலை. திருகு மூடி போட்டது மட்டம் என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. நம்ம சீதோஷ்ணத்துக்குத் திருகு மூடிதான் உத்தமம், காற்றுப் புகாது, கார்க் திருகியும் தேட வேண்டாம். ‘ரிசர்வ்’ என்ற வார்த்தைக்கு மயங்காதீர்கள். ஸ்பெயினில் ‘ரிசர்வா’ என்றால் இத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் உண்டு. பல நாடுகளில் அது வெறும் பட்டுக் குஞ்சம். குறைந்த விலை ரெட்டில் பழசு ஒசத்தி என்பதும் கிடையாது. லேபிளில் போட்ட வருஷம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

‘ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்க வேண்டும்’ என்று புஸ்தகத்தில் போட்டிருப்பார்கள். அது ஸ்காட்லாந்துக்காரன் ரூம். பதினேழு பதினெட்டு டிகிரி. தண்டையார்பேட்டை ஹவுஸிங் போர்டு ரூம் இல்லை. குடிக்கும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிச்சம் இருந்தால் மூடி அங்கேயே வைத்தால் மூன்று நாள் தாங்கும். நாலாம் நாள் புளிப்பு தட்டினால் கொட்ட வேண்டாம், மட்டன் வறுவல் அடுப்பில் இருக்கும்போது ஒரு கரண்டி ஊற்றிப் பாருங்கள். அம்மா பால்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து!